லிங்க்கைத் தட்டினால் திறப்பது உங்கள் பிரவுசரா, ஆப்பின் பிரவுசரா? போனின் ‘அடையாள வரி’ சொல்லும் சேதி

சமூக வலைதள ஆப் ஒன்றில் வேலைவாய்ப்பு விளம்பரம் கண்ணில் படுகிறது. லிங்க்கைத் தட்டியதும் பக்கம் திறக்கிறது. விண்ணப்பிக்க ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால், ‘அணுகல் தடுக்கப்பட்டது, எரர் 403: டிஸ்அலவ்டு யூசர்ஏஜென்ட்’ என்று வந்து நிற்கிறது. பாஸ்வேர்டுகூட இன்னும் போடவில்லை. அதற்குள் என்ன தப்பு நடந்தது?

அதே லிங்க்கை காப்பி செய்து குரோமில் ஒட்டிப் பார்த்தால், ஒரு பிரச்சினையும் இல்லாமல் லாகின் ஆகிறது. போன் அதேதான். நெட் அதேதான். ஆளும் அதே ஆள்தான். மாறியது ஒன்றே ஒன்று. இரண்டு இடங்களிலும் போன் தன்னை இணையதளத்திடம் அறிமுகப்படுத்திக்கொண்ட விதம் வேறு.

அந்த அறிமுகத்துக்குப் பெயர்தான் ‘யூசர் ஏஜென்ட்’. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒற்றை வரியை வைத்து லாகின் தடுக்கப்படுகிறது, விளம்பரம் ஏலம் போகிறது, நீங்கள் எந்த ஆப்பிலிருந்து வந்தீர்கள் என்று கணிக்கப்படுகிறது. இது எப்படி வேலை செய்கிறது? ஓர் ஆப் ஏன் இதைப் படிக்க வேண்டும்? அதனால் நமக்கு என்ன?

யூசர் ஏஜென்ட் என்றால் என்ன?

இணையதளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிரவுசர் அந்தத் தளத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்பதோடு, ‘கேட்பது யார்’ என்றும் ஒரு வரி சேர்ந்து போகும். பிரவுசரின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், சில நேரம் போனின் மாடல் எண் வரை அதில் இருக்கும். 1996-ல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு.

நோக்கம் நியாயமானதுதான். போனில் வந்தவருக்கு போனுக்கேற்ற பக்கம், கம்ப்யூட்டரில் வந்தவருக்குப் பெரிய பக்கம் கொடுக்கலாம். குறிப்பிட்ட பிரவுசரில் மட்டும் தளம் சொதப்பினால், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், இது யாரும் சரிபார்த்துக் கொடுத்த அடையாள அட்டை இல்லை. விழாவுக்கு வருபவர் தானே பெயரை எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை மாதிரி. எதை எழுதினாலும் அதுதான் பெயர்.

எல்லோரும் ‘மொஸில்லா’ ஆன கதை

இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனின் குரோம் அனுப்பும் வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ‘மொஸில்லா/5.0 (லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/120.0.0.0 மொபைல் சஃபாரி/537.36’.

இது குரோம். ஆனால் வரியில் மொஸில்லா இருக்கிறது, ஆப்பிள் இருக்கிறது, சஃபாரியும் இருக்கிறது. ஏன்?

1994-ல் வந்த நெட்ஸ்கேப் பிரவுசரின் செல்லப் பெயர் மொஸில்லா. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் ‘ஃப்ரேம்’ வசதி அதில் வந்தது. உடனே பல இணையதளங்கள், வரியில் ‘மொஸில்லா’ என்று இருந்தால் நல்ல பக்கம், இல்லாவிட்டால் சாதாரண பக்கம் என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தன. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது பிரச்சினையானது. அது என்ன செய்தது? தன்னையும் ‘மொஸில்லா’ என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. அடைப்புக்குறிக்குள் மட்டும் ‘இணக்கமானது’ என்று சொல்லித் தன் உண்மைப் பெயரைப் போட்டது.

அடுத்தடுத்து வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். கேஎச்டிஎம்எல் என்ற பிரவுசர் இன்ஜின், மொஸில்லாவின் கெக்கோ இன்ஜின் ‘மாதிரி’ என்று சொல்லிக்கொண்டது. அதிலிருந்து பிறந்த ஆப்பிளின் சஃபாரி 2003-ல் வந்தபோது அந்த வார்த்தைகளை அப்படியே வைத்துக்கொண்டது. 2008-ல் வந்த குரோம், சஃபாரியின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. 30 ஆண்டுகாலப் பொய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இன்றைய வரியாகி இருக்கின்றன. பெயரைப் பார்த்து ஆளை மதிப்பிட்டால், ஆள் பெயரை மாற்றிக்கொள்வார். இந்த வரியின் வரலாறு முழுக்க அதுதான்.

ஆப்புக்குள் திறப்பது எந்த பிரவுசர்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ஆப்பில் லிங்க்கைத் தட்டினால் மூன்று விதமாகத் திறக்கலாம்.

ஒன்று, ஆப்பை விட்டு வெளியேறி குரோம், சஃபாரி போன்ற உங்கள் வழக்கமான பிரவுசரில் திறப்பது.

இரண்டு, ஆப்புக்கு மேலேயே ஒரு தாள் போல விரியும் ‘கஸ்டம் டேப்’. ஐபோனில் இதற்கு ‘சஃபாரி வியூ கன்ட்ரோலர்’ என்று பெயர். இரண்டுமே 2015-ல் வந்தவை. பார்க்க ஆப்புக்குள் இருப்பது போலத் தெரிந்தாலும், உள்ளே ஓடுவது உண்மையான பிரவுசர். அந்தப் பக்கத்தில் நீங்கள் செய்வதை ஆப்பால் எட்டிப் பார்க்க முடியாது.

மூன்று, ‘வெப்வியூ’. ஆப் தன் திரையிலேயே ஒரு சதுரத்தை ஒதுக்கி, அதில் இணையப் பக்கத்தைக் காட்டும். பக்கத்தை வரைந்து தரும் இன்ஜின் கூகுளுடையதாகவோ ஆப்பிளுடையதாகவோ இருக்கலாம். ஆனால் கட்டுப்பாடு முழுக்க ஆப்பின் கையில். பக்கத்துக்குள் தன் ஜாவாஸ்கிரிப்டை நுழைக்கவும், பக்கத்தில் இருப்பதைப் படிக்கவும் ஆப்பால் முடியும்.

திரையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். வித்தியாசத்தை வெளியே சொல்வது பெரும்பாலும் அடையாள வரிதான். ஆண்ட்ராய்டு 5.0 முதல், வெப்வியூ அனுப்பும் வரியில் ‘டபிள்யூவி’ என்ற இரண்டு எழுத்துக் குறி சேர்கிறது. ஐபோனில் இதற்கு நேர்மாறு. சஃபாரியின் வரி கடைசியில் ‘சஃபாரி’ என்று முடியும். வெப்வியூவின் வரியில் வழக்கமாக அந்த வார்த்தை இருக்காது.

சில ஆப்கள் இதோடு நிற்பதில்லை. ஃபேஸ்புக் தன் ஆப்பின் பெயர், பதிப்பு எண்ணைக் குறியீடாகச் சேர்க்கிறது. ஆண்ட்ராய்டு இன்ஸ்டாகிராமின் உள் பிரவுசர் அனுப்பும் வரியில் ஆப்பின் பதிப்பு, திரையின் அளவு, போன் தயாரிப்பாளர், மாடல், சிப்பின் பெயர், மொழி அமைப்பு வரை இருப்பதைப் பார்க்கலாம். நீங்கள் திறக்கும் எந்தக் கடையின் தளமாக இருந்தாலும், செய்தித் தளமாக இருந்தாலும், இந்த விவரங்கள் அதற்குப் போய்ச் சேரும்.

ஆப் இந்த வரியை எப்படிப் படிக்கிறது?

இதற்கு உங்கள் அனுமதி எதுவும் தேவையில்லை. கேமரா, லொகேஷனுக்குக் கேட்பது போல ‘அலோ’ பட்டன் வராது.

ஆண்ட்ராய்டில், வெப்வியூவின் வழக்கமான வரியைக் கேட்டு வாங்க 4.2 பதிப்பு முதலே ஒரு நேரடிக் கட்டளை இருக்கிறது. எந்தப் பக்கத்தையும் திறக்காமலேயே அதைப் படித்துவிடலாம். ஐபோனில் கொஞ்சம் சுற்றுவழி: ஆப் ஒரு வெப்வியூவை உருவாக்கி, அதற்குள் ‘உன் யூசர் ஏஜென்ட் என்ன?’ என்று கேட்கும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும். பதில் சற்றுத் தாமதித்து வரும்.

டெவலப்பர்களே தடுக்கி விழும் இடம் ஒன்றும் உண்டு. ஆண்ட்ராய்டின் சிஸ்டம் அமைப்பிலிருந்து எடுத்தால், ‘டால்விக்’ என்று தொடங்கும் வேறொரு வரி கிடைக்கும். அது, பிரவுசர் இல்லாமல் ஆப் நேரடியாக சர்வரோடு பேசும்போது பயன்படுத்தும் அடையாளம். ஐபோனில் இதுவே ‘சிஎஃப்நெட்வொர்க்’, ‘டார்வின்’ என்று வரும். ஆக, ஒரே போனில் குரோமுக்கு ஒரு வரி, வெப்வியூவுக்கு ஒரு வரி, ஆப்புக்கு ஒரு வரி. குரோம் என்ன வரி அனுப்புகிறது என்பதை இன்னொரு ஆப் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. வெப்வியூவின் வரியை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

சரி, ஆப்புக்கு இது எதற்கு?

ஆப்புக்கு உங்கள் போனின் மாடல் தெரிய வேண்டுமானால் இந்த வரியே தேவையில்லை. ஆண்ட்ராய்டில் மாடல் பெயரையும் இயங்குதளப் பதிப்பையும் எந்த ஆப்பும் அனுமதி இல்லாமல் படிக்கலாம். அப்புறம் எதற்கு பிரவுசரின் வரி? முக்கியக் காரணம் விளம்பரம்.

ஆப்பில் ஒரு விளம்பரம் தோன்றும் முன், கண் இமைக்கும் நேரத்துக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. ‘இப்படி ஒரு போனில், இப்படி ஓர் ஆப்பில் இடம் காலி, யார் வாங்குகிறீர்கள்?’ என்று விளம்பர நிறுவனங்களுக்கு ஒரு தரவுப் பொட்டலம் போகும். ‘ஓபன் ஆர்டிபி’ என்ற பொதுவான வடிவத்தில் இது அமைந்திருக்கும். அதில் ஐபி முகவரி, போன் விவரங்களோடு யூசர் ஏஜென்ட்டுக்கும் தனி இடம் இருக்கிறது. ஆப்புக்குள் இருக்கும் விளம்பரக் கருவி வெப்வியூவின் வரியைப் படிப்பது பெரும்பாலும் இந்த இடத்தை நிரப்பத்தான்.

இன்னொரு காரணம், கணக்குப் பார்ப்பது. பிரவுசரில் ஒரு விளம்பரத்தைத் தட்டி, ஆப் ஸ்டோருக்குப் போய் ஓர் ஆப்பை இன்ஸ்டால் செய்கிறீர்கள். விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்கு, ‘இன்ஸ்டால் செய்தவர் நம் விளம்பரத்தைத் தட்டியவர்தானா?’ என்று தெரிய வேண்டும். பிரவுசரின் குக்கீ ஆப்புக்குள் வராது. எனவே, விளம்பரத்தைத் தட்டியபோது பதிவான ஐபி முகவரி, நேரம், அடையாள வரி ஆகியவற்றை, ஆப் முதல்முறை திறக்கும்போது கிடைக்கும் விவரங்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் ‘இவர்தான் அவர்’ என்று ஒரு முடிவு.

இந்த முறை எவ்வளவு கூர்மையானது? அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. எழுத்துருக்கள், செருகுநிரல்கள் என்று பல விவரங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு அது. யூசர் ஏஜென்ட்டின் பங்கு மட்டும் சுமார் 10 பிட். அதாவது, சராசரியாக ஆயிரம் பிரவுசர்களில் ஒன்று என்ற அளவுக்கு வட்டத்தைச் சுருக்கிவிடும். அதோடு ஐபி முகவரியும் சேர்ந்தால்?

2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபோது, ‘உங்களைப் பின்தொடர இந்த ஆப்பை அனுமதிக்கலாமா?’ என்று கேட்பதை ஆப்பிள் கட்டாயமாக்கியது. இப்படிப் போன் விவரங்களைக் கோத்து ஆளை அடையாளம் காணும் ‘ஃபிங்கர்பிரிண்டிங்’ முறைக்கும் அதன் விதிகளில் தடை உண்டு.

கூகுள் ஏன் லாகினைத் தடுக்கிறது?

முதலில் பார்த்த 403 எரருக்கு வருவோம். 2016-ல் கூகுள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வெப்வியூ வழியாக வரும் கூகுள் லாகின் கோரிக்கைகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகவும், 2017 ஏப்ரல் 20 முதல் தடை முழுமையாக நடைமுறைக்கு வரும் என்றும் சொன்னது. 2021-ல் இந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகியது.

காரணம் எளிமையானது. வெப்வியூவில் கூகுள் லாகின் பக்கம் திறந்தால், நீங்கள் பாஸ்வேர்டு அடிப்பது கூகுளின் பக்கத்தில். ஆனால் அந்தப் பக்கம் இருப்பது ஆப்பின் வீட்டுக்குள். ஆப்பின் உரிமையாளர் நினைத்தால் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கலாம். 2017 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 8252 என்ற இணையத் தர ஆவணமும், ஆப்கள் இத்தகைய லாகினுக்கு உள் பிரவுசரைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை என்பதை 2022 ஆகஸ்ட்டில் டெவலப்பர் ஃபெலிக்ஸ் கிராஸ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐபோனில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்களின் உள் பிரவுசர், திறக்கும் வெளித் தளங்களுக்குள் தன் ஜாவாஸ்கிரிப்டை நுழைப்பதாக அவர் எழுதினார். டிக்டாக்கின் உள் பிரவுசரில், கீபோர்டில் தட்டுவதைக் கவனிக்கக்கூடிய கோடு இருப்பதாகவும் சொன்னார். அந்த வசதியை வைத்து உண்மையில் தரவு எடுக்கப்படுகிறதா என்பதைத் தன் ஆய்வு நிரூபிக்கவில்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். கண்காணிப்பு தொடர்பாகப் பயனாளர் தேர்ந்தெடுத்ததை மதிக்கும் வகையிலேயே தன் கோடு இயங்குகிறது என்றது மெட்டா. கோளாறு கண்டறியவும் செயல்திறனைக் கவனிக்கவும்தான் அந்தக் கோடு, தட்டும் எழுத்துகளைச் சேகரிப்பதில்லை என்றது டிக்டாக்.

பார்க்கிறார்களா என்பது ஒரு கேள்வி. பார்க்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ‘முடியும்’ என்பதுதான் பதில்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அடையாள வரியை ஆப்பே மாற்றி எழுதிக்கொள்ள ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வசதி இருக்கிறது. குரோமில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதை டிக் செய்யும்போது உங்கள் போனும் தன்னைக் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எனவே ‘டபிள்யூவி’ என்ற குறியை எடுத்துவிட்டு, ‘நான் குரோம்தான்’ என்று ஓர் ஆப் வேஷம் போடலாம். நேர்மையான ஆப்பை அடையாளம் காட்டும் இந்த வரி, திட்டமிட்டு ஏமாற்றுபவரிடம் அவ்வளவாகச் செல்லாது.

வரியின் வெளிச்சம் குறைகிறது, ஆனால் எங்கே?

இந்த வரி அளவுக்கு அதிகமாகப் பேசுகிறது என்பதை பிரவுசர் நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. 2022 ஏப்ரலில் குரோம் 101 பதிப்பு, பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதிகளைப் பூஜ்யமாக்கியது. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல், ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாமே ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்றே சொல்லத் தொடங்கின. நீங்கள் வைத்திருப்பது எட்டாயிரம் ரூபாய் போனா, எண்பதாயிரம் ரூபாய் போனா என்று அந்த வரியைப் பார்த்து இனி சொல்ல முடியாது. கூடுதல் விவரம் வேண்டுமென்றால் தளம் ‘கிளையன்ட் ஹின்ட்ஸ்’ என்ற தனி வழியில் கேட்டுப் பெற வேண்டும்.

நல்ல மாற்றம்தான். ஆனால் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது கூகுள் வெப்வியூவை அதில் சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு வெப்வியூ நீண்ட காலமாகவே, அடையாள வரியைத் தவிர, எந்த ஆப்பிலிருந்து கோரிக்கை வருகிறது என்ற விவரத்தையும் தனியாக அனுப்பிவந்தது. அதைப் படிப்படியாக நிறுத்தும் திட்டத்தை கூகுள் பிறகுதான் முன்வைத்தது.

இதன் விளைவு விசித்திரமானது. தனியுரிமைக்காக பிரவுசரில் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஆனால் பலரும் இணையத்தைப் பார்ப்பது ஆப்பின் ஜன்னல் வழியாக. அங்கே மாடல் பெயர், ஆப்பின் பெயர் போன்றவை வெளியே போக வாய்ப்பு உண்டு. ஒரே லிங்க், ஒரே போன். எந்த ஜன்னலில் திறக்கிறது என்பதைப் பொறுத்து, நீங்கள் கொடுக்கும் தகவலின் அளவு மாறுகிறது. அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நீங்கள் இல்லை, ஆப்.

இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. ஒரு நபரை அடையாளம் காண உதவும் அவரைப் பற்றிய எந்தத் தரவும் தனிநபர் தரவு என்பது சட்டத்தின் விளக்கம். ‘ஆண்ட்ராய்டு 14, இன்ன மாடல்’ என்ற வரி மட்டும் யாரையும் பெயர் சொல்லிக் காட்டாது. ஆனால் அது ஐபி முகவரியோடும் லாகின் கணக்கோடும் சேர்த்து வைக்கப்படும்போது கதை வேறு.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஒரு சின்ன சோதனை: ‘வாட் இஸ் மை யூசர் ஏஜென்ட்’ என்று தேடினால் வரியைக் காட்டும் தளங்கள் கிடைக்கும். அதில் ஒரு லிங்க்கை உங்களுக்கு நீங்களே ஒரு சமூக வலைதள ஆப்பில் மெசேஜாக அனுப்பி, அங்கிருந்தே திறந்து பாருங்கள். பிறகு அதையே குரோமில் திறந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

• பணம், பாஸ்வேர்டு என்றால் வெளியே வாருங்கள்: ஆப்பின் உள் பிரவுசரில் மேலே இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் ‘பிரவுசரில் திற’ என்ற தேர்வு பெரும்பாலும் இருக்கும். கார்டு எண், ஓடிபி, வங்கி லாகின் எதையும் அதற்குப் பிறகு போடுங்கள். தேர்வு இல்லாவிட்டால் லிங்க்கை காப்பி செய்து ஒட்டலாம்.

• கஸ்டம் டேப்பா என்று கவனியுங்கள்: ஆண்ட்ராய்டில், நீங்கள் குரோமில் ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் தளம் ஆப்புக்குள்ளும் லாகின் ஆன நிலையிலேயே திறந்தால், அது பெரும்பாலும் உண்மையான பிரவுசர். மறுபடி லாகின் கேட்டால் வெப்வியூவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

• 403 எரர் வந்தால் பதறாதீர்கள்: உங்கள் கணக்கில் கோளாறு இல்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதும் இல்லை. அதே பக்கத்தை வழக்கமான பிரவுசரில் திறந்தால் போதும்.

‘ஒரு லிங்க்தானே, எங்கே திறந்தால் என்ன?’ என்று தோன்றலாம். செய்தி படிக்க, மீம் பார்க்க என்றால் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் வேலைக்கு விண்ணப்பிப்பதும் இஎம்ஐ கட்டுவதும் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதும் இப்போது அதே ஜன்னல் வழியாகத்தான் நடக்கின்றன. அடுத்த முறை கூகுள் அந்தப் பக்கத்தைத் திறக்க மறுத்தால், அது தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம். பாஸ்வேர்டைத் தட்டும் முன்பு, ‘இது யாருடைய ஜன்னல்?’ என்று உங்களுக்குப் பதிலாக அது ஒருமுறை பார்த்துச் சொல்கிறது. அது சொல்லாத இடங்களில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.